இரண்டாவது அடி

நான் கொலை செய்தவன். திண்டிவனம் கோர்ட்டு என்னை விடுதலை செய்தது. அதனால் நான் செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

'ஐயோ பாவம்' என்று சொல்வதற்காக இதைப் படிக்கிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம்! தீர்ப்பு வந்த அன்று, "அம்மன் உன்னக் கைவிடல பாத்தியா" என்று என் நெற்றியில் விபூதி பூசியவர்களும் உங்களைப் போன்ற நல்லவர்கள்தாம்.

செத்தவர் என் பெரியப்பா மகன், சேகர் அண்ணன். கிளியனூர்ப் பக்கம் எங்கள் இருவர் நிலத்துக்கும் நடுவே ஒரே வரப்பு. அன்று காலை அவர் அதை என் பக்கமாக வெட்டிச் சரித்திருந்தார். கேட்டேன். வாய் தடித்தது. புல்லறுக்கக் கொண்டுவந்த அரிவாளை ஓங்கினார். அது சத்தியம். என் மண்வெட்டிக் காம்பால் அவர் மணிக்கட்டில் அடித்தேன். அரிவாள் சேற்றில் விழுந்தது.

அதுவரை நான் குற்றவாளி இல்லை. வக்கீல்தான் இதை எனக்குப் புரியவைத்தார்.

"உசுருக்கு ஆபத்துன்னா திருப்பி அடிக்கலாம்பா, அது உன் உரிமை. ஆபத்து தீந்துதுன்னா உரிமையும் அதோட தீந்துது. அப்புறம் ஒரு அடி வுழுந்தா அதுக்குப் பேரு தற்காப்பு இல்ல." என் முகத்தையே பார்த்தார். "ஒரே அடிதான?"

"ஒரே அடிதாங்க சார்."

பொய்!

அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். "த்தூ… உங்கப்பன் புத்திதான உனக்கும்" என்று மட்டும் சொன்னார். முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவரால் எனக்கு என்ன ஆபத்து? ஒன்றுமில்லை. அப்போதுதான் பின்னந்தலையில் போட்டேன். பயம் துளியும் இல்லை… வெறும் ஆத்திரம்.

மணிக்கட்டில் அடிபட்ட அண்ணன் சறுக்கி மல்லாந்து விழுந்து, வரப்போரத்து மோட்டார் கொட்டகைக் கல்லில் தலை மோதியது என்றோம் கோர்ட்டில்.

பக்கத்துக் கரும்புக் கொல்லைக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணி அஞ்சலை பார்த்துவிட்டிருந்தார். கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னார். "கரும்பு ஆள் ஒசரம் நிக்குதே, அதுக்குள்ளாற எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று வக்கீல் மடக்கினார். அண்ணிக்கு நாக்குக் குழறிற்று. ஊரில் இன்றுவரை அதுவே பேச்சு. "தோ வருது பாரு, கரும்புல ஓட்ட போட்டுப் பாத்த அம்மா!" டீக்கடையில் சிரிக்கிறார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்து டீ குடிக்கிறேன்.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவனை நீதிபதி கேள்வி கேட்கும்போது அவனிடம் சத்தியம் வாங்குவதில்லை. அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி! வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்றுகிறவன் நான். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். சத்தியம் செய்தது அண்ணி. பொய்க்காரி ஆனதும் அண்ணி.

தீர்ப்பு வந்த வாரமே அவர் என் வாசலுக்கு வந்தார். கையில் கற்பூரப் பொட்டலம்.

"வா கோயிலுக்கு. அம்மா எதிர்ல கொளுத்தறேன். அவரு திரும்பி நடக்கலன்னு சொல்லி அணைச்சிடு. நான் பொய்க்காரின்னு நானே ஊரு பூரா சொல்லிக்கினு போறேன்."

எரிகிற கற்பூரத்தைப் பொய் சொல்லி அணைத்தால் குடும்பம் விளங்காது. நல்லவேளையாக… ஆமாம், நல்லவேளை என்றுதான் நினைத்தேன்… எங்கள் பங்காளிக் கிழவர் ஒருவர் அப்போதுதான் இறந்திருந்தார்.

"நம்ம எல்லாருக்கும் பங்காளி தீட்டு அண்ணி. கோயிலுக்குள்ள வரக்கூடாது. கருமாதி முடியட்டும்."

"எம்புருசனும் உனக்குப் பங்காளிதான? அந்தத் தீட்ட எங்க கழிச்ச, ஜெயில்லியா?"

பொட்டலத்தை என் வாசற்படியில் வைத்தார். "தீட்டு போனதும் எடுத்துக்கினு வா."

கருமாதி முடிந்தது. நான் போகவில்லை. அவர் மறுபடி கூப்பிடவும் இல்லை.

கேஸை மேலே கொண்டுபோவார் யாருமில்லை. அதே கேஸில் இனி உன்னைப் பிடிக்க முடியாது என்று வக்கீலே சொல்லிவிட்டார். பிறகு எதற்குப் பயம்? ஜெயிலுக்கு இல்லை. ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது முதல் குடம் என் கையால் போகிறது. "சாமி மனுசன்" என்கிறார்கள். அந்தப் பேருக்காக ஒருத்தியின் கண்ணைப் பொய்யாக்கி வைத்திருக்கிறேன். இப்போது சொல்லுங்கள், பாவம் யார்?

பொட்டலத்தை எறிய மனம் வராமல் பூஜை அலமாரியில் வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை பிரித்தேன். உள்ளே கற்பூரம் இல்லை. கொளுத்தாமலேயே காற்றில் போயிருந்தது. காகிதத்தில் வாசனை மட்டும்.

மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். விளக்கேற்றினேன். வெளியே அண்ணி தண்ணீர்க் குடத்தோடு போனார்… நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.