தலைவி குதிரையைவிட்டு இறங்கினாள்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் எனக்கு வேலை. சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்துவிடும். அதன்பின் கேண்டீனில் நாங்கள் நான்கு பேர் பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடுவோம். நான் கதை சொல்வேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்பார்கள். செத்தவர் அந்தக் கதை முடியும்வரை ஆட்டத்தில் சேரக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவானும் நான்தான்.

ஒருநாள் சின்ன முதலாளி எட்டிப் பார்த்தார். "நானும் வரலாமுங்களா?" வேண்டாமென்று சொல்ல எங்களில் யாருக்கு வாய் வரும்?

முதல் கதையில் பகடை அவரைப் பாளையக்காரராக்கியது. மற்றவர்கள் வாரக்கணக்கில் அவர் குதிரைக்குப் பின்னால் நடந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கதைக்கு யார் யாராகப் பிறப்பது என்பதைப் பகடையிடம் விடாமல் நானே பங்கிட்டேன். எங்கள் நால்வரில் ஒருத்தியான என் பக்கத்து மேஜைப் பெண், கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை, தலைவி ஆனாள்: குதிரை, கவசம், வாள். முதலாளி சுமைதூக்கி. வெறுங்கையோடு விடக்கூடாதென்று அவருக்குப் பாதையறிவும் இரட்டிப்பு உடல்வலுவும் கொடுத்தேன். தராசு நேராக நிற்கிறதென்று எனக்கு ஒரே பெருமை.

"வாரம் பூரா தலையாட்டறதுதானுங்க வேலை. இங்கதான் நா சொன்னா நாலு பேரு கேக்கறாங்க" என்று அவள் முன்பொருமுறை சொல்லியிருந்தாள். அவளுக்காகத்தான் இத்தனையும் செய்தேன்.

கதை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தலைவி குதிரையைவிட்டு இறங்கினாள். "சார், நீங்க ஏறிக்குங்க. நா நடந்தே வாரனுங்க."

அவரும் ஏறிக்கொண்டார். சற்று நேரத்தில் கவசமும் போயிற்று. தலைவிக்குரியதோடு, சுமைதூக்கிக்கென்று நான் கொடுத்த பலமும் சேர்ந்து எல்லாம் அவரிடமே. நான் தடுத்திருக்கலாம். கதையை மேலே நகர்த்தினேன்.

குகை இடிந்தது. ஆபத்து வந்தால் ஒவ்வொருவருக்கும் நானே அட்டை மறைப்புக்குப் பின்னால் இருபது முகப் பகடையை உருட்டுவேன்; பத்துக்குக் குறைந்தால் சாவு. கவசம் இருந்தால் மூன்று கூடும். அவருக்கு இரண்டு விழுந்தது. "பதினேழுங்க சார்" என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

அடுத்து அவளுக்கு உருட்டினேன். அவர் ஆர்வமாக எழுந்து அட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஒம்போது. அடடா! ஆட்டம்னா ஆட்டந்தானுங்களே, அம்மணி."

"பரவால்லீங்க சார்" என்று சிரித்தாள். பையை எடுத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கதை இன்னும் முடியவில்லை. அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது, முடிக்க விடுவதில்லை. சனிக்கிழமைதோறும் நானும் போய் உட்கார்ந்து சொல்கிறேன். போன வாரம் துணிந்து, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"சட்டத்த மாத்துனா மத்தவங்களுக்கு அநியாயமாயிருமுங்களே" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.