பெர்மனென்ட் பண்ணும் நீலக்கல்

சந்திரகலா விற்கும் மலிவு நீலக்கல்லைப் போட்டால் கான்ட்ராக்ட் ஆள் பெர்மனென்ட் ஆகிவிடுகிறான் என்று நெய்வேலியில் அப்போது பத்து நாளாகப் பேச்சு. சுரங்கத்தில் வேலை பார்க்கும் தெய்வசிகாமணிக்கு ஆகிவிட்டதாம். பதினோரு வருஷம் காத்திருந்தவனின் வரிசை எண் வந்தது என்று சொன்னால் யாருக்கு ருசிக்கும்?

இந்தப் பேச்சு பிடிக்காதவர் சந்திரகலா ஒருவர்தான். காங்கயத்துக்காரர். கல்லைப் பட்டை தீட்டும் வீட்டில் பிறந்து, கணவரின் வேலையோடு இங்கே வந்தவர். பஜாரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு ஸ்டூல், அதுதான் கடை. சிலோன் நீலத்தைச் சிலோன் நீலம் என்பார், உலையில் உருக்கி எடுத்ததைத் தொழிற்சாலைக் கல் என்பார். மூன்று தலைமுறையாகப் பர்மா சிவப்புக்கல் என்று ஒரு வீட்டில் போற்றி வந்ததைக் கண்ணாடி என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுக் கல்யாண அழைப்பை நிரந்தரமாக இழந்தவர்.

நீலத்தை மட்டும் கையோடு விற்கமாட்டார். அது சனியின் கல். ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கவிழ்த்துவிடும் என்பார்கள். நீலத் துணியில் முடிந்து மூன்று நாள் கையில் கட்டிப் பார்க்க வேண்டும். கெட்ட கனவு வராவிட்டால்தான் மோதிரம்.

"கனவுக்கு நான் கேரண்டி இல்லீங்க. கல்லுக்குக் கேரண்டி" என்பார்.

அந்தக் கேரண்டிக்குத்தான் ஒரு நாள் வேட்டு விழப் பார்த்தது. தெய்வசிகாமணி மோதிரத்தை நீட்டினான்.

"அக்கா, கல்லு ஆடிக்கினே இருக்கு. இறுக்கிக் குடுங்க. இது வுழுந்தா என் வேலையும் வுழுந்துடும்."

"வேலை ஆர்டர் பேப்பர்ல இருக்குது தம்பி. மோதரத்துல இல்ல."

சொல்லிக்கொண்டே லென்சை வைத்தவர், துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். அவன் வாங்கியது மலிவான தொழிற்சாலைக் கல், அதற்குள் வளைந்த கோடுகள் தெரிய வேண்டும். இதில் பட்டு நூல் போல இழைகளும், ஓரத்தில் இறகு மாதிரி ஒரு கீறலும் தெரிந்தன. அசல் சிலோன் நீலம். அப்படியானால் அசலுக்கு விலை கொடுத்த யாரோ ஒருவர் தொழிற்சாலைக் கல்லோடு திரிகிறார். கடையில் மாற்றிக் கொடுத்தது தான்தான் என்றால், இருபது வருஷத்து வாக்கு போச்சு.

சந்திரகலாவிடம் ஒரு பழக்கம் உண்டு. விற்கும் ஒவ்வொரு கல்லையும் லென்சில் பார்த்தபடியே பென்சிலால் நோட்டில் வரைந்துகொள்வார். பக்கங்களைப் புரட்டினார். இறகுக் கீறல், மருதமுத்துவின் பெயரில் இருந்தது. அதே சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டும் ஆப்பரேட்டர். அடுத்த பக்கம் தெய்வசிகாமணி, வளைந்த கோடுகள். கடையை விட்டுப் போகும்போது இரண்டும் சரியாகத்தான் போயிருக்கின்றன.

"ஷிப்டுல மோதரத்த என்ன பண்ணுவீங்க தம்பி?"

"கழட்டிடணும்க்கா, சேஃப்டி ரூல். நானும் மருதமுத்தண்ணனும் ஒரே சோப்பு டப்பாவுலதான் போட்டு வப்போம்."

"ஒரே டப்பாவுலயா?"

"ஒரே லாக்கருதானக்கா."

இரண்டும் ஒரே அச்சில் வார்த்த வெள்ளி மோதிரங்கள். விரலும் ஏறக்குறைய ஒரே அளவு. சந்திரகலா கண்ணை மூடிக்கொண்டார்.

வாயையும் மூடிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அன்று சாயங்காலமே மருதமுத்துவை வரவழைத்து, இருவர் முன்னாலும் நோட்டை விரித்து எல்லாவற்றையும் சொன்னார்.

மருதமுத்து தன் விரலையே பார்த்தார். இந்த ஒரு வருஷத்தில் அவருக்குச் சர்க்கரை குறைந்திருந்தது, மகளுக்கு வரன் கூடியிருந்தது.

"அப்போ இத்தன நாளா என்னக் காப்பாத்துனது தொழிற்சாலக் கல்லாம்மா?"

"காப்பாத்துனது எதுன்னு எனக்குத் தெரியாதுங்கண்ணா. நீங்க போட்டிருக்கறது தொழிற்சாலக் கல்லு. உங்க கல்லு தம்பி கையில இருக்குது. மாத்திக்குங்க."

இரண்டு பேரும் மோதிரத்தைக் கழற்றவில்லை.

"பிரபேஷன் முடியட்டும்ணே" என்றான் தெய்வசிகாமணி.

"நானும் கல்யாணம் முடியாம இதக் கழட்டமாட்டேன்" என்றார் மருதமுத்து. "ஆனா அது என் கல்லுடா."

"உங்க கல்லுதாண்ணே. எங்க போவப் போவுது?"

சந்திரகலா ஆளுக்கொரு டப்பா கொடுத்தனுப்பினார். அசல் கல் போட்டுத்தான் பெர்மனென்ட் ஆனான் என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் சிலோன் நீலம் மொத்தமும் விற்றிருக்கும். கேட்டு வந்தவர்களிடம், "அவரு நம்பர் வந்துச்சுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

பிரபேஷன் முடிந்துவிட்டது. கல்யாணமும் முடிந்துவிட்டது. மகளுக்குப் பிரசவம் ஆகட்டும் என்கிறார் இப்போது மருதமுத்து. நோட்டில் இறகுக் கீறலுக்குக் கீழே, 'தெய்வசிகாமணி தர வேண்டியது' என்ற பென்சில் வரி இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது.