டிரைவர் பக்கம் சாய்ந்த பஸ்

டிரைவரின் தொந்தியால் பஸ் சாயும் என்று எந்த டிரெயினிங்கிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதைக் கும்மிடிப்பூண்டியில்தான் கேள்விப்பட்டேன்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஒரு ஷெட்டில் நான் ஹெட் மெக்கானிக். ஆரம்பாக்கம் பக்கமிருந்து கம்பெனி ஆட்களை ஏற்றிவரும் பஸ் ஒன்று, பின்பக்கப் பெல்லோஸ் கிழிந்து வந்தது. பெல்லோஸ் என்றால் ரப்பர் காற்றுப் பை. பாடியைத் தாங்குவது அதுதான். இரண்டு பக்கமும் புதிதாக மாட்டினோம். மாட்டினால் உயரம் செட் பண்ண வேண்டும். பக்கத்துக்கு ஒரு லெவலிங் வால்வு சேஸிஸில் இருக்கும். அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு லிங்க் ராடு. ராடின் நீளத்தை மாற்றினால் உயரம் மாறும். அப்புறம் எத்தனை பேர் ஏறினாலும் வால்வு தானே காற்றை விட்டு அதே உயரத்தில் நிறுத்தும்.

முறைப்படி ஆக்சிலிலிருந்து சேஸிஸ் வரை டேப் வைத்து அளக்க வேண்டும். ஆனால் எங்கள் முதலாளி அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார். கையில் எந்நேரமும் ஒரு ரசமட்டம், கொத்தனார் மட்டம் பார்க்கும் குமிழிக் கருவி. டீக்கடை பெஞ்சில்கூட அதை வைத்துப் பார்த்துக் கடைக்காரருக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்தார். அதையே பஸ்ஸின் பின் பம்பரில் வைத்து, குமிழி நடுவில் வரும்வரை ராடைத் திருகச் சொன்னார். வந்தது. என் டேப் துருப்பிடித்தது, அவர் ரசமட்டம் பளபளவென்று புதுசு. நானும் தலையாட்டினேன்.

மறுநாளே புகார். பஸ் வலதுபக்கம், அதாவது டிரைவர் பக்கம், சாய்கிறதாம்.

டிரைவர் ஏழுமலை நல்ல ஆகிருதி. அவர் உட்கார்ந்தால் சீட் தெரியாது. பஸ் சாயக் காரணம் சொல்ல, பஸ் கான்ட்ராக்டர் ரமணய்யாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆள் கனத்தை வால்வே சரிக்கட்டிவிடும் என்று மூச்சுமுட்ட விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இன்னாத்துக்கு நைனா அவன் பக்கமே சாயுது?" என்றார்.

ஷெட்டுக்குக் கொண்டுவந்தால் பஸ் ஜம்மென்று நேராக நிற்கும், குமிழி நடுவில். கேட்டைத் தாண்டினால் சாயும். முதலாளி ரோட்டைத் திட்டினார். பஸ்ஸில் வரும் பெண்கள் வளைவுகளில் பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் கம்பெனிக்காரர்கள், ஒல்லியான டிரைவரைப் போடுங்கள், இல்லாவிட்டால் வேறு பஸ் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ரமணய்யா ஏழுமலைக்கு மாதக் கடைசிவரை தவணை கொடுத்தார்.

மனுஷன் நாஷ்டாவை விட்டார், டீயில் சர்க்கரையை விட்டார். டீக்கடையில் வடைத்தட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். பிள்ளைகள் இரண்டும் படித்துக்கொண்டிருந்தார்கள். "ஒடம்ப எறக்கிட்டா வேல தங்கும்லண்ணா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

மாதக் கடைசியில் ரமணய்யா எலுமிச்சம்பழங்களோடு ஷெட்டுக்கு வந்தார். பஸ்ஸுக்குக் கண்பட்டிருக்கிறது, சுற்றிப்போட்டுச் சக்கரத்தில் நசுக்கலாம் என்றார். ஏழுமலைதான் சிரமப்பட்டுக் குனிந்து, வலது முன்சக்கரத்தடியில் பழத்தை வைத்தார். அது நிற்கவில்லை. இடதுபக்கமாக உருண்டு, பஸ்ஸுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கச் சாக்கடையில் விழுந்தது. இன்னொன்றை வைத்தார். அதுவும் அதே வழியில் போயிற்று. சகுனம் சரியில்லை என்று ரமணய்யா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

வாட்டர் வாஷ் தண்ணீர் தேங்கக்கூடாது என்று, தரையைச் சாக்கடைப் பக்கம் வாட்டமாகப் போடச் சொன்னவரே அவர்தான். சாய்ந்த தரையில் நேராக நிற்கவைத்த பஸ் நேரான ரோட்டில் சாயாமல் என்ன செய்யும்? துருப்பிடித்த டேப்பை எடுத்தேன். இடதுபக்கம் உயரம் கூடியிருந்தது. ராடுகளைத் திருகி இரண்டு பக்கத்தையும் சமமாக்கினேன். இப்போது பஸ் ஷெட்டுக்குள் கோணலாக நின்றது. ரோட்டில் ஏறியதும் நேரானது. முதலாளி ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வீட்டுக் குளியலறையில் இன்றைக்கும் தண்ணீர் தேங்குகிறது என்று கேள்வி.

ரமணய்யாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. "பாத்தியா நைனா, நீ எளைச்ச, வண்டி நேராயிடுச்சு" என்று ஏழுமலையின் முதுகில் தட்டினார். கம்பெனியிலும் அதையே சொன்னார். ஏழுமலைக்கு வேலை நிலைத்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உயரத்தை ஆக்சிலிலிருந்து அளந்து பாருங்கள், டிரைவரின் தொந்தியைக் கடைசியில் பாருங்கள்.

வேலை நிலைத்த அன்று டீக்கடையில் ஏழுமலையிடம் உண்மையைச் சொன்னேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை. கம்பெனிக்கே போய், தப்பு எங்கள் ஷெட்டில்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வோணாண்ணா," என்றார். "கோணலா போனப்போ நான்தான் காரணம்னாங்க. இப்ப நேரா போவுது. அதுக்கும் நானே காரணமா இருந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு, வடைத்தட்டின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.