விஜயா டீச்சர் போட்ட கையெழுத்து

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்னா கத்தி, கத்தரி எடுத்துக் குடுக்கிறவங்கன்னு நினைப்பாங்க. பாதி நேரம் கதவுக்கு வெளியே நிக்கிறவங்களோட மல்லுக்கட்டுறதுதான் எங்க வேலை. என்னை மாதிரி வெள்ளை யூனிஃபார்ம்ல குப்பை கொட்டினவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஒரே ஒரு ஊசி

சில வருஷம் முன்னாடி தாம்பரத்துல ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல இருந்தேன். ஒருநாள் மத்தியானம் சேலையூர்லேர்ந்து விஜயா டீச்சர் தனியா ஆட்டோல வந்து இறங்கினாங்க. அடிவயித்துல வலி, தலைசுத்தல், கூடவே தோள்பட்டையிலயும் வலி. நாள் தள்ளிப் போயிருக்கு. ரெண்டு நாளா கொஞ்சம் ரத்தம் பட்டதும், பீரியட்ஸ்தான் லேட்டா வந்துடுச்சுன்னு விட்டுட்டாங்க. நம்ம பொண்ணுங்க வழக்கமா பண்ற தப்பு.

கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. உடனே டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவங்களோ வாட்ச்சைப் பார்க்கிறாங்க: "அரையாண்டுப் பரீட்சை பேப்பர் திருத்தணும் சிஸ்டர், ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க."

ரூல்ஸ்

ஸ்கேன்ல தெரிஞ்சுபோச்சு. கர்ப்பப்பைக்குப் போக வேண்டிய கரு குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடிச்சு, உள்ளே ரத்தம் கொட்டுது. உடனே வயித்தைத் திறக்கலைன்னா உயிர் தங்காது. ஆனா எங்க ஃபாரத்துல 'கணவர் கையொப்பம்'னு இருக்கே! வீட்டுக்காரர் திருச்சியிலேர்ந்து ரயில்ல வந்துட்டிருக்கார், செல் கிடைக்கலை.

"பேஷன்ட்டே கையெழுத்துப் போட்டா போதும்"னு டாக்டரம்மா சொல்லியும் ரிசப்ஷன் சார் அசையலை. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "பிரஷர் எண்பதுக்கு வந்தாச்சு, ரயில் இன்னும் விழுப்புரமே தாண்டியிருக்காது சார்!"னு கத்திட்டு, 'கணவர்'ங்கிறதை அடிச்சு 'நோயாளி'ன்னு எழுதினேன். அதுக்காக அப்புறம் எனக்கு மெமோ குடுத்தாங்க. குடுக்கட்டுமே! ஸ்ட்ரெச்சர்லேர்ந்து டீச்சர் கையை நீட்டினாங்க: "முப்பத்தெட்டு பசங்க ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடறேன், என் வயித்துக்குப் போடக்கூடாதா? பேனாவைக் குடுங்க."

உள்ளே

கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷனுக்கெல்லாம் நேரம் இல்லை. வயித்தைத் திறந்ததும் ரத்தம் பொங்கி வந்தது. டாக்டரம்மா வலது குழாயைப் பிடிச்சுக் கட்டி, வெட்டி எடுத்தாங்க. இடது குழாய் நல்லா இருந்தது. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏறுச்சு. மயக்க மருந்து டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்: "பேஷன்ட் நல்லா மூச்சு விடுறாங்க சிஸ்டர், நீங்களும் விடலாம்."

காரணம்

மூணாம் நாள் வார்டுல டீச்சரோட மாமியார் ஆரம்பிச்சாங்க. ஸ்கூட்டி ஓட்டினதாலதானாம், மாடிப்படி ஏறினதாலதானாம். டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க: முன்னே டீச்சருக்குக் குடல்வால் வெடிச்சு ஆபரேஷன் ஆனப்போ வந்த சீழ்ல குழாய் ஒட்டியிருக்கலாம், சிலருக்குப் பழைய கிருமித் தொற்று, சிலருக்குக் காரணமே தெரியாது. இன்னொரு குழாய் இருக்கு, குழந்தை பிறக்க வாய்ப்பும் இருக்கு. அடுத்த தடவை நாள் தள்ளினதும் ஸ்கேனுக்கு வந்துடணும்.

அப்பவும் மாமியார் விடலை, வண்டியை வித்துடலாம்னாங்க. டீச்சர் தலையணையை முதுகுக்கு வச்சு நிமிர்ந்து உட்கார்ந்தாங்க: "தையல் ஆறட்டும் அத்தை, அடுத்த ஸ்கேனுக்கு அதே வண்டியில உங்களைப் பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டு வர்றேன்."

குழாயில கரு ஏன் தங்குச்சுன்னு டாக்டரைக் கேட்டா யோசிச்சுத்தான் பதில் வரும், ஹார்லிக்ஸ் பாட்டிலோட வர்ற சொந்தக்காரங்களுக்கு மட்டும் வாசல்லயே தெரிஞ்சுடும்.