ஏகாம்பரத்தைப் பற்றி ஒரு திருத்தம்

ஏகாம்பரம் இன்று விடியற்காலை இறந்துவிட்டார். இந்த முறை செய்தி உண்மை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

எண்ணூரில் நான் வேலை பார்த்த வார்ப்படத் தொழிற்சாலையில் அவர் கிரேன் ஆபரேட்டர். நான் டைம் ஆபீஸ் கிளார்க்.

உருக்கிய இரும்பைப் பெரிய வாளியில் தொங்கவிட்டபடி, ஆட்கள் நிற்கும் இடத்தைக் கடந்து கொண்டுபோவது அவர் வேலை. அவர் ஷிஃப்டில் கீழே இருப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மற்ற ஷிஃப்டில் பார்ப்பார்கள்...

டிவி போட்டிக்கெல்லாம் எஸ்எம்எஸ்ஸில் ஓட்டுப் போட்ட காலம். வருடம் சரியாக நினைவில்லை, டைரியைத் தேடினேன், அகப்படவில்லை. அவருடைய மகள் கலைச்செல்வி ஒரு பாட்டுப் போட்டியில் இறுதிச் சுற்றுவரை போனாள்.

குடும்பத்தைக் காட்ட வேண்டும் என்று டிவிக்காரர்கள் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தார்கள். ஏகாம்பரத்தின் மனைவி மல்லிகா அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து தைப்பதை எடுத்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று ஏகாம்பரத்தின் கையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைக் கொடுத்து, ஓரமாகப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள்.

"நான்தான் சார் லைட்டு" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

நிகழ்ச்சியில் அம்மா வந்தார், மெஷின் வந்தது, மகள் அழுதாள். அப்பா மட்டும் இல்லை. மறுநாள் ஒரு சினிமா வெப்சைட்டில் 'தந்தையை இழந்த ஏழைப் பெண்' என்று எழுதிவிட்டார்கள்.

டீக்கடையில் விடுவார்களா?

"இன்னா மாமு, பூட்டியாமே? ஒரு வார்த்த சொல்லல?"

"காரியம் என்னிக்கு? வட பாயசம் உண்டா, வெறும் டீயோட முச்சிடுவியா?"

"வாங்கடா, நானே எல போட்டுப் பரிமாறறேன்" என்றார் ஏகாம்பரம். அவரும் சிரித்தார். அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலை என்னைத் தேடிக்கொண்டு பிரௌசிங் சென்டருக்கு வந்தார். ரிடையர் ஆனபிறகு தமிழ் டைப்பிங் பழகுவதற்காக நான் தினமும் அங்கே ஒரு மணி நேரம் உட்காருவேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, கீழே இருந்த கமெண்டுகளை வரிசையாகப் படித்துக் காட்டினேன்.

அப்பாவின் ஆன்மா சாந்தியடையட்டும்... தங்கச்சி, எங்க வீட்டு ஓட்டு மொத்தமும் உனக்குத்தான்...

ஒன்றை மட்டும் படிக்காமல் தாண்டினேன். அவர் ஸ்கிரீனில் விரலை வைத்துத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'எங்க ஏரியாதான். அவ அப்பன் குடிச்சே செத்தான்.'

"செத்துட்டேன்னு போட்டா போட்டுக்கட்டும் சார். குடிச்சி செத்தேன்னு போட்டுகீறானே... நான் குடிச்சிட்டு மேல ஏறியிருந்தா, கீழ எத்தினி பேரு வெந்திருப்பான்?"

எனக்குத் தெரியும். குடித்துவிட்டு வருபவர்களின் பெயரை எழுதி, கேட்டிலேயே திருப்பி அனுப்பியவன் நான். இருபத்தாறு வருடத்தில் அவர் பெயரை ஒரு முறைகூட எழுதியதில்லை.

அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். 'நான் கலைச்செல்வியின் தகப்பன் ஏகாம்பரம். உயிரோடு இருக்கிறேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது.' இரண்டு முறை பிழை பார்த்தேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் மல்லிகா அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். கையில் செல்போன். மகள் லைனில் இருந்தாள்.

"யோவ், அத்த போட்டுராத! ஞாயித்துக்கெழம பைனலு. பொய் சொல்லி ஓட்டு வாங்கினான்னு இவ மேலயே திருப்பிடுவானுங்க. நாலு நாளு செத்தவனா இருந்தா இன்னா, கொறஞ்சா பூடுவ?"

ஏகாம்பரம் போனை வாங்கிக் காதில் வைத்தார். அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

"அழுவாத. தொண்ட கட்டிக்கும்." அவ்வளவுதான் சொன்னார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் கை மௌஸ் மேலேயே இருந்தது. எடுப்பதா, அழுத்துவதா என்று தெரியவில்லை.

"அழிச்சிடுங்க சார். சாவு இருக்கட்டும். குடிய மட்டும் எடுத்துடுங்க."

எப்படி என்று கேட்டேன்.

"நீங்க போடுங்க. கேட்ல நின்னவரு. உங்க பேரு போட்டு சொன்னீங்கன்னா நம்ம ஏரியாவுல ஒருத்தன் வாயத் தெறக்க மாட்டான்."

எழுதினேன். 'இந்தப் பெண்ணின் தந்தையோடு வேலை பார்த்தவன் நான். நல்ல மனிதர். ஒரு நாளும் குடித்தவர் இல்லை.' அவரைச் செத்தவராகவே வைத்து எழுதினேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் நின்றுவிட்டேன். நாளைக்கு உண்மை வெளியே வந்து, பொய்க்கு நீயும் உடந்தையா என்று யாராவது கேட்டால்? வீட்டு வாசலுக்கு டிவிக்காரன் வந்தால்?

'ஒரு நண்பர்' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

அவர் அதைப் பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் அதற்குக் கீழே பதில் வந்துவிட்டது. 'பேர் சொல்லப் பயப்படுற நண்பரா? சேர்ந்து ஊத்திக்கின பார்ட்டியா?'

கலைச்செல்வி மூன்றாவதாக வந்தாள். திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போய், இப்போது உங்கள் பெயரிலேயே போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"வுடுங்க சார். அவனுங்க வேற ஆளாண்ட பூட்டானுங்க."

பிறகு எத்தனையோ வருடம் ஒன்றாக டீ குடித்திருக்கிறோம். அதைப் பற்றி அவர் பேசவில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை...

மதியம் வீட்டுக்கு வந்ததும் தேடிப் பார்த்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்வியும் இருக்கிறது. பதில் எழுதத்தான் இப்போது அங்கே வழியில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருவொற்றியூர் ஏகாம்பரம் குடித்ததில்லை. ஒரு நாள்கூட.

நாளை காலை எடுக்கிறார்கள். போய் வாருங்கள், ஏகாம்பரம்.

சு. வேதாசலம்
டைம் ஆபீஸ் கிளார்க் (ஓய்வு)