நோட்டில் இருந்த சொந்தங்கள்

என் அக்கா புருஷனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார். லிஃப்ட் மெக்கானிக். உள்ளே மாட்டிக்கொண்டவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, இவர் கீழ்த்தளத்துப் பெயர்ப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்த பிறகுதான் கருவிப் பெட்டியைத் திறப்பார். அந்தப் பலகையில் தன் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்குத் தலைபோகிற வேலை.

அத்தான் ஒற்றைப் பிள்ளை. பெற்றவர்களும் சீக்கிரமே போய்விட்டார்கள். மிச்சம் அந்தப் பெயர் ஒன்றுதான். அபூர்வமான பெயர் வேறு. ‘ஆற்றுத்துறையைக் காத்தவர்’ என்று பொருளாம். முப்பாட்டனார் ஈட்டியோடு துறையில் நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மாதிரி சொல்வார். இருபது வருஷத்தில் அந்தப் பெயருள்ள முந்நூற்றுப் பதினாறு பேரைத் தேடிப் பிடித்து நோட்டில் எழுதிவிட்டார். ஞாயிறுதோறும் அவர்களுக்கு வரிசையாகப் போன். மூத்தவர் என்றால் அண்ணன், இளையவர் என்றால் தம்பி. பாதிப் பேர் தொல்லை தாங்காமல் பேசினார்கள். மீதிப் பேருக்கு இவரை உண்மையிலேயே பிடித்துப்போயிற்று.

வினை அங்கேதான் வந்தது. பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கும் அக்கா மகள், கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன பையனும் அந்த நோட்டில் இருந்தான்.

“அவன் உனக்கு அண்ணன் முறை. வெளிய சொல்லாத, அசிங்கம்!”

“பேரு ஒண்ணா இருந்தா ரத்தமும் ஒண்ணாயிடுமாப்பா?”

“எல்லாரும் ஒரே ஆளோட வாரிசு. நிரூபிச்சுக் காட்டறேன் பாரு.”

அன்றோடு அவள் அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டு, வருகிறவர்கள் வரலாம் என்று அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

நிரூபிக்கக் கிளம்பிய அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நோட்டில் முக்கால்வாசிப் பேரின் பூர்வீகம் ஒரே துறைமுக ஊர். அங்கே போனால் ஆதி முப்பாட்டன் அகப்படுவார் என்பது அவர் நம்பிக்கை. நோட்டில் இருந்த கிழவர்களில் ஒருவருக்குக்கூடத் தாத்தா யாரென்று எழுதியிருக்கவில்லை. அது என் கண்ணில் பட்டது. அவரிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மாள் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே போய்ப் பழைய பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்தார். ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடு. கொள்ளைக் காய்ச்சல் ஊரைக் காலி செய்த வருஷம் அது. பெற்றவர் யாரென்று தெரியாத நாற்பத்து மூன்று குழந்தைகளுக்கும் இல்லத்து மேற்பார்வையாளர் தன் குடும்பப் பெயரையே எழுதிவிட்டார். பதினேழாவது வரியில் அத்தானின் தாத்தா. அத்தானுக்கு நன்றாக நினைவிருந்த காதடித் தழும்புகூடக் குறித்திருந்தது. வயது இரண்டு இருக்கலாம், கிடைத்த இடம் மீன் சந்தை வாசல். அக்கா மகள் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் தாத்தாவும் அதில் இருந்தார்; எங்கிருந்தோ வந்த கப்பலில் இருந்து இறக்கப்பட்ட கைக்குழந்தை. பெயருக்குப் பொருள் சரியாகத்தான் இருந்தது. துறையைக் காத்தவர் மட்டும் மேற்பார்வையாளருடைய முப்பாட்டன்.

ரயிலில் அத்தான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே வந்தார். இறங்கும் நேரத்தில்தான் பேசினார்.

“மச்சான், இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப அந்தப் பொண்ணோட கதி?”

அவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். எட்டு நாள் அப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. ‘பெரியண்ணன்’ என்று திரையில் வந்தது. அத்தான் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்.

திருமணத்துக்கு முந்தின நாள் மகள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் வந்து, பதிவேட்டின் நகலைத் துணிமேல் வைத்தார்.

“படி. அவன் உனக்கு அண்ணன் இல்லம்மா. நீ தாராளமா கட்டிக்க.”

அவள் படித்தாள். முகம் மலர்ந்ததை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. சின்னப் பெண்தானே, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

“உனக்கு ஒரு அண்ணன் போனான்,” என்றார் அத்தான். “எனக்கு எல்லாரும் போயிட்டாங்க.”