இரண்டாவது ட்ரம்பெட்

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். இருபத்தாறு வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டே பிழைக்கிறார். வந்தவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, "இது தெளிவா இருக்கா?" என்பார். அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, "இல்ல, இதுவா?" என்பார். எது தெளிவோ அது நிற்கும், மற்றது பெட்டிக்குள் போகும். வீட்டிலும் அதே புத்திதான். தலையணை வாங்கப் போனால் இரண்டிரண்டாகத் தலை வைத்துப் பார்ப்பார். என்னைக் கட்டிக்கொண்டபோது மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருத்தி கிடைக்கவில்லை போலிருக்கிறது, சட்டென்று முடிவு செய்துவிட்டார்.

மிச்ச நேரத்தில் அவருக்குப் பாட்டுப் பைத்தியம். எங்கள் பின்னறையில் இஸ்திரி மேஜையை ஒட்டி ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். அங்கே உட்கார்ந்து இசை அமைப்பார். கேட்க ஆள் கிடையாது, நான் கணக்கில் சேர்த்தியில்லை. குடிநீர் அலுவலகத்தில் நாள் முழுக்கப் புகார் போன் எடுக்கிறவளுக்கு வீட்டுக்கு வந்ததும் காதைக் கழற்றி வைத்தால் தேவலை என்றிருக்கும்.

போன வருஷம் அவரிடம் கண்ணாடி போட வந்த ஒரு நாடகக்காரர் பேச்சுவாக்கில் இவர் இசை செய்வதைத் தெரிந்துகொண்டு ஒரு காட்சிக்குக் கேட்டார். இவரும் ராப்பகலாக உழைத்துக் கொடுத்தார். "பொம்மைக் கடையில ஊதுற மாதிரி இருக்கே சார்" என்று திரும்பி வந்தது. மனுஷர் ஒரு வாரம் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லவில்லை.

இந்த வருஷம் அதே நாடகக்காரர் மறுபடி கேட்டார். ரயில் நிலையத்தில் ஒரு பேண்டு கோஷ்டி வந்து இறங்கும் காட்சி, மூன்று நிமிஷம், சனிக்கிழமை மதியத்துக்குள் வேண்டும். இவர் ஒத்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார்: "இதுவும் திரும்பி வந்தா கீபோர்டை யாருக்காவது கொடுத்துடுவேன். அந்த ரூம்ல நீ துணி மடிச்சு வச்சுக்கோ." சிரிக்காமல் சொன்னார். அந்த அறையைக் கேட்டு நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது தானாகக் கிடைக்கப் போகிறது என்றதும் வேண்டாம் போலிருந்தது.

சிக்கல் என்னவென்றால், பேண்டு என்றால் ஊதுகிற வாத்தியங்கள். இவருக்கு ஊதத் தெரியாது, ஊதுகிறவர்களை வரவழைக்க வசதியும் இல்லை. ஆனால் நிஜமான ஆட்கள் ஊதியதை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கிறார்கள். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அந்த ஊதல் கேட்கும். சாம்பிள் என்று பெயர். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தொகுப்பு விற்கிறது, பத்து நாள் சும்மா போட்டுப் பார்க்கலாம். இவர் அப்படி ஐந்து தொகுப்பை இறக்கி வைத்துக்கொண்டார்.

இன்னொரு சிக்கல் பக்கத்து அறையில் இருந்தது. என் அண்ணன். இருபத்திரண்டு வருஷம் ஒரு பேண்டில் இரண்டாவது ட்ரம்பெட் ஊதினவன். மூன்று வருஷத்துக்கு முன் முகவாதம் வந்து இடது பக்க உதடு மூடாமல் போய்விட்டது. தண்ணீர் குடித்தாலே சட்டையில் வழியும், ஊதுவது எங்கே? தனியாளாக அவன் கஷ்டப்பட வேண்டாம் என்று எங்களோடு வைத்துக்கொண்டோம். ட்ரம்பெட் பெட்டி அலமாரி உச்சியில் கிடக்கிறது. டீவியில் ஊதல் சத்தம் வந்தால் எழுந்து போய்விடுவான். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தேன்: அண்ணன் வீட்டில் இருந்தால் ஸ்பீக்கரில் ஊதல் சத்தம் வரக்கூடாது. "அவன் காதுல மட்டும் விழட்டும், அப்புறம் இருக்கு" என்று இவரிடம் சொல்லி வைத்தேன். அண்ணன் காலையில் நடக்கப் போகும் ஒரு மணி நேரம்தான் ஸ்பீக்கருக்கு.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஒரு தொகுப்பின் ட்ரம்பெட்டில் ஒரே ஒரு கட்டையை அழுத்துவார். பாம். அடுத்த தொகுப்பில் அதே கட்டை. பாம். "இதா, அதா?"

"ரெண்டும் குழாயில தண்ணிக்குப் பதிலா காத்து வர்ற மாதிரி இருக்கு" என்றேன். இந்த மாதிரிப் புகார் எனக்குத் தினமும் முப்பது வரும்.

"விளையாடாதே. எது தெளிவு?"

தெளிவானது நின்றது. மற்றதற்குப் பக்கத்தில் 'மங்கல்' என்று எழுதி ஒதுக்கினார். இப்படியே முதல் ட்ரம்பெட், இரண்டாவது ட்ரம்பெட், சாக்ஸபோன், ட்ராம்போன் என்று நான்குக்கும் நான்கு தொகுப்பிலிருந்து வடிகட்டி எடுத்தார். தனித்தனியாகக் கேட்டால் எனக்கே நன்றாகத்தான் இருந்தது. நான்கையும் சேர்த்து ஓடவிட்டார். ஐயோ சாமி! தண்ணீர் லாரி முன்னால் நான்கு குடம் இடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இவர் முகம் தொங்கிப் போயிற்று. மறுபடி முதலிலிருந்து பாம், பாம். புதன் போயிற்று, வியாழன் போயிற்று.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. அண்ணன் நடக்கப் போனதும் இவர் ஸ்பீக்கரைப் போட்டார். அதே பத்து விநாடி இசையை நாற்பது தடவை ஓட்டியிருப்பார். வெளியே மழை பிடித்ததோ, அண்ணன் பாதியில் திரும்பியதோ எங்கள் காதில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நிற்கிறான். தலையில் தண்ணீர் சொட்டுகிறது, முகம் சிவந்திருக்கிறது.

"மாப்பிள்ளை! நிறுத்துங்க!"

"அண்ணா, அவர் தெரியாம..." என்று குறுக்கே போனேன்.

"நீ தள்ளு பாப்பா." ஐம்பது வயதிலும் நான் அவனுக்குப் பாப்பாதான். "அந்த ரெண்டாவது ஆளை முதல்ல வெளிய அனுப்பச் சொல்லு."

"எந்த ஆளை மச்சான்?" என்றார் இவர்.

"ரெண்டாவது ட்ரம்பெட். முதல் ஆளு மாதிரியே முட்டிக்கிட்டு ஊதுறான். எவனாவது அப்படி ஊதுவானா? பக்கத்துல நான் இருந்திருந்தா அவன் காலை மிதிச்சிருப்பேன்."

மூன்று வருஷத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இடது கன்னத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பேசினான், இல்லாவிட்டால் வார்த்தை வழுக்கும். இஸ்திரி மேஜைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நாலு பேரை நாலு இடத்துலேருந்து கூட்டியாந்திருக்கீங்க. நாலு பேருமே நான்தான் பெரியவன்ங்கிறான். ஒரே ரூம்ல சேர்ந்து ஊதினவங்களா எடுங்க. நீங்க வேண்டாம்னு ஒதுக்கினதைப் போடுங்க, கேப்போம்."

இவர் ஒவ்வொன்றாகப் போட்டார். மூன்றாவது மங்கலில் அண்ணன் கையைத் தூக்கினான். அந்த ஊதலில் லேசாகக் காற்றுச் சத்தம் கலந்திருந்தது. "இவன்தான். இவனை விடாதீங்க. மத்த மூணு பேரையும் இவன் கூட்டத்துலேருந்தே எடுங்க."

"இது தெளிவா இல்லையே மச்சான்."

"ரெண்டாவது ஆளுக்குத் தெளிவு எதுக்கு? அவன் இருக்கிறதே தெரியக் கூடாது. எடுத்துட்டா தெரியணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் என் அண்ணனை அந்தப் பேண்டுக்காரர்கள் முன்னுக்கு விடவில்லை என்று எத்தனை பேரிடம் பொருமியிருப்பேன். ஒருதடவை பேண்டு மாஸ்டரின் பெண்டாட்டியைக் கடைத்தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் நான். "அப்படின்னா உன்னைக் கடைசிவரைக்கும் ரெண்டாவதா வச்சிருந்தாங்களே, அதுவும் நியாயம்தானா?" என்று கேட்டேவிட்டேன்.

"யாரும் என்னை வைக்கல பாப்பா. ரெண்டு தடவை முதல் இடம் தர்றேன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். எனக்கு அந்த இடம் பிடிக்கும்."

இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்டால்தானே என்றான். அந்த மாஸ்டர் பெண்டாட்டி என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாளோ என்று ஒரு நிமிஷம் கூசியது.

நான்கும் ஒரே தொகுப்பிலிருந்து வந்ததும் சத்தம் ஒருவழியாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கியது. ஆனாலும் இரண்டாவது ட்ரம்பெட் முதலாவதோடு மில்லி விநாடி பிசகாமல் ஒட்டிக்கொண்டு ஓடியது. இவர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோடு போட்டு நேர்ப்படுத்தி வைத்திருந்தார். அண்ணன் உச்சுக் கொட்டினான்.

"அவன் கொஞ்சம் பின்னாடி வரணும்."

"எவ்வளவு பின்னாடி மச்சான்? நம்பர் சொல்லுங்க, போட்டுடறேன்."

அண்ணன் நாற்காலியைக் கீபோர்டுப் பக்கம் இழுத்துப் போட்டான். "முதல் ஆளை ஓட விடுங்க. எந்தக் கட்டைன்னு மட்டும் காட்டுங்க."

முதல் ட்ரம்பெட் ஓடியது. அண்ணன் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுத்துவதற்கு முன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். மூச்சு தீர்ந்த இடத்தில் விரலை எடுத்தான். மறுபடி இழுத்தான், அழுத்தினான். கட்டையை அழுத்த மூச்சு எதற்கு? அவனுக்கு அது தெரியவே இல்லை. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

முடிந்ததும் இவர், "இன்னொரு தடவை வாசிங்களேன், ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்று ஆரம்பித்தார். "ஒண்ணும் ஒப்பிட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஈரச் சட்டையை மாற்றப் போனான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அனுப்பினார். கால் மணி நேரத்தில் போன் வந்தது. இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"சார், இது நல்லா இருக்கு. ஆளுங்களை வச்சு வாசிச்சீங்களா?"

இவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

"ஒருத்தர் மட்டும்" என்றார்.

ஆக, கீபோர்டு அங்கேயேதான் இருக்கிறது. என் துணிகளும் பழையபடி கட்டில்மேல்தான் கிடக்கின்றன.

நாடகத்தன்று வாசலில் ஒரு தாள் கொடுத்தார்கள். இசை என்று இவர் பெயர். அதற்குக் கீழே, இவர் சொல்லிப் போட வைத்தது, இரண்டாவது ட்ரம்பெட் என்று அண்ணன் பெயர். அண்ணன் கண்ணாடியை இறக்கி அதை நெடுநேரம் பார்த்தான். "ரெண்டாவதுன்னு சரியா போட்டிருக்காரே" என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ட்ரம்பெட் சத்தம் வந்தால் எழுந்து போய்விடுவானோ என்று நான் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது. ரயில் நிலையக் காட்சி வந்தது, பேண்டு ஆரம்பித்தது. அண்ணன் எழவில்லை. இரண்டாவது ட்ரம்பெட் நுழைய வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் சற்று முன்னால், இருட்டில் என் பக்கத்தில் அவன் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. எட்டுத் தடவை கேட்டது. நான் அழுதேன், கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.